நேற்றைய விலாசத்தைத் தட்டிக்கொண்டிருந்த ரவுட்டர்

ஆண்டர்சன் தெருவில் சித்தப்பாவுக்குக் காகிதக் கடை. பாரிமுனையிலிருந்து உள்ளே நடந்தால் அழைப்பிதழ்க் கடைகளும் டைரிக் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் அதே தெருதான். கடையில் இருப்பவை மாதிரித் தாள்களும் கணக்கும் மட்டுமே. ரீம் கட்டுகளும் போர்டு கட்டுகளும் மாதவரத்துக் குடோனில் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன. கடையில் பில் போட்டால் குடோனில் டெலிவரி சலான் அச்சாக வேண்டும். குடோனில் லாரி சரக்கை இறக்கினால் கடைக் கணக்கில் ஸ்டாக் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். கடைக்கு ஒரு இணைய நிறுவனம், குடோனுக்கு வேறொன்று. இரண்டு பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ரவுட்டரின் விலாசம்.

தை மாதத்தில் ஒருநாள் சித்தப்பா அழைத்தார். "தம்பி, கணக்குக் கம்ப்யூட்டர் என்னையே உள்ளே விடமாட்டேன் என்கிறது. நான் சரியாகத்தான் அடிக்கிறேன்."

போய்ப் பார்த்தேன். தவறான கடவுச்சொல்லைப் பலமுறை வாங்கிக் களைத்த கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸின் பாதுகாப்புப் பதிவைத் திறந்தால் 4625, 4625, 4625 என்று பக்கம் பக்கமாக ஓடியது. அந்த எண்ணுக்குத் தோற்றுப்போன உள்நுழைவு என்று பொருள். டெஸ்ட், யூசர், அட்மின் என்று பெயரை மாற்றி மாற்றி எங்கிருந்தோ யாரோ இரவு பகலாக முட்டிப் பார்த்திருக்கிறார்கள். கணக்குக் கம்ப்யூட்டரின் பயனர் பெயரும் அட்மின்தான். வெளியாள் அடித்த தப்புக்குச் சித்தப்பா வெளியே நின்றார்.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. குடோனிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவதற்காக, முன்பு கணினி பார்த்துக்கொண்டிருந்தவர் ரவுட்டரில் 3389 போர்ட்டை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார். ஷட்டரைத் தூக்கிவைத்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்கு மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி. அன்றே அதை மூடினேன். மூடிய மறுநிமிடம் குடோனிலிருந்து கணக்கு பார்க்கும் அக்காவின் போன் வந்தது. இனி மாற்று வழியை நான்தான் செய்தாக வேண்டும்.

நிலை ஐபி வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும் என்று இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டேன். ஒன்று ஆண்டுக் கட்டணம் சொன்னது, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. மற்றொன்று, வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் பேச்சே என்றது. கூட்டித் தொகையைச் சொன்னதும் சித்தப்பா, "அந்தப் பணத்துக்கு ஒரு பையனை வண்டியில் அனுப்பிச் சலானைக் கொடுக்கச் சொல்லலாமே" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு இடங்களை இணையத்தின் நடுவே பூட்டிய சுரங்கம் போட்டு இணைக்கும் ஐபிசெக் எனக்குப் புதிதல்ல. பழைய வேலையிடத்தில் அதை ஓட்டும் ஸ்ட்ராங்ஸ்வான் மென்பொருளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இரு முனையிலும் முகவரி மாறாதவரை அது கல்லாட்டம் நிற்கும். மாறத் தொடங்கினால்தான் குணம் தெரியும். அதில் இரு முனையும் அறிமுகமாகிச் சாவி பேசிக்கொள்ளும் முறைக்கு ஐகேஇ என்று பெயர். அதன் முதல் பதிப்பின் மெயின் மோடில், பகிர்ந்துகொண்ட ரகசியச் சொல்லை வைத்து இணைவதானால், எதிராளி தன் பெயரைச் சொல்லும் கட்டம் வருமுன்பே எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று முடிவுசெய்தாக வேண்டும். அதற்கு அவருடைய ஐபி முகவரியை விட்டால் வேறு துப்பு இல்லை. முகவரி தெரியாதவருக்கென்று அக்ரசிவ் மோடு உண்டு. அதுவோ ரகசியச் சொல்லிலிருந்து பிறந்த ஒரு சுருக்கத்தைத் திரையில்லாமல் வெளியே விடுகிறது. பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். இரண்டாம் பதிப்பு இவற்றைச் சரிசெய்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐபிசெக் பதிவுகளை இரவு பதினொரு மணிக்குப் படித்துப் பொருள்கொள்ளும் பொறுமை எனக்கு இப்போது இல்லை.

எனவே அதே சுரங்க வேலையைச் செய்யும் வயர்கார்டு. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கெர்னல் என்ற மையப்பகுதியிலேயே இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருளை ஏற்றக்கூடிய பழைய ரவுட்டர்கள் இரண்டு என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. வயர்கார்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: அதில் ஐபி முகவரி அடையாளமே அல்ல. 44 எழுத்தில் எழுதிக்கொள்ளும் பொதுச் சாவிதான் ஆள். சரியான சாவியால் பூட்டிய பொட்டலம் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும். "ஓ, நீ இப்போது அங்கே இருக்கிறாயா" என்று புதிய விலாசத்தையும் தானே குறித்துவைக்கும். அறியாத சாவியோடு வந்து தட்டினால் பதிலே வராது. வீட்டில் ஆள் இருப்பதுகூட வெளியே தெரியாது. அந்த மௌனம் பாதுகாப்புக்கு நல்லது. பழுது பார்ப்பவனுக்கு அதுவே எமன் என்பது பிறகு தெரிந்தது.

சாவி உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது வேறொன்று. கடையிலும் 192.168.1 வலையம், குடோனிலும் 192.168.1 வலையம். இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு நடுவில் பாலம் கட்டினால் தபால்காரர் எந்தப் பக்கம் போவார்? ஒரு பக்கம் எண்ணை மாற்றியே தீர வேண்டும். கருவிகள் குறைவு என்பதால் குடோனை 192.168.20-க்கு மாற்றினேன். கம்ப்யூட்டர்கள் உடனே புது எண்ணை எடுத்துக்கொண்டன. சலான் பிரிண்டருக்கு அதன் பொத்தான்களை அழுத்தியே புது எண் கொடுத்தேன். கேமரா ரெக்கார்டர் மட்டும் 192.168.1.200 என்று கையால் போட்ட எண்ணை விடவில்லை. அதன் கடவுச்சொல் பொருத்தியவருக்கு மட்டுமே தெரியும், அவரோ போனை எடுப்பதில்லை. ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, எட்டு கேமராக்களையும் மறுபடி சேர்த்து முடிக்கையில் சட்டை முழுக்கக் காகிதத் தூசி.

கடைசியில் இரண்டு பக்கமும் இப்படி அமைந்தன:

கடை: உள்வலையம் 192.168.10.0/24, சுரங்க முகவரி 10.99.0.1, யுடிபி 51820 போர்ட் மட்டும் வெளியே திறந்தது.
குடோன்: உள்வலையம் 192.168.20.0/24, சுரங்க முகவரி 10.99.0.2, இங்கும் யுடிபி 51820.
கடையில் குடோனுக்கென்று அனுமதித்த முகவரிகள்: 10.99.0.2/32, 192.168.20.0/24.
குடோனில் கடைக்கென்று அனுமதித்தவை: 10.99.0.1/32, 192.168.10.0/24.
இரு பக்கமும் 25 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும் உயிர்த்துடிப்பு.

கடையின் உள்வலையத்தையும் அப்போதே 10-க்கு மாற்றிவிட்டேன். வீட்டு ரவுட்டர்கள் பாதி 192.168.1-ல்தான் இருக்கும். சித்தப்பா நாளை வீட்டிலிருந்து கணக்கு பார்க்க வேண்டும் என்றால் இதே ஞாயிற்றுக்கிழமையை நான் மறுபடி வாழ வேண்டியிருக்கும்.

அனுமதித்த முகவரிகள் என்ற வரியைப் பலர் அவசரத்தில் 0.0.0.0/0 என்று நிரப்பிவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் குடோனில் யாரோ பார்க்கும் கிரிக்கெட் வீடியோவும் ஆண்டர்சன் தெரு வழியாகத்தான் போகும். எதிர்ப்பக்கம் எந்த வலையம் இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். அந்த வரிதான் பாதையும் காவலும்: வெளியே போகும் பொட்டலத்துக்கு வழி காட்டும், உள்ளே வரும் பொட்டலம் சொன்ன முகவரியிலிருந்துதான் வருகிறதா என்றும் பார்க்கும்.

இனி முகவரி மாறும் விவகாரம். நண்பர்கள் இருவரில் ஒருவர் வீடு மாறினால் சிக்கலில்லை, போனவர் மற்றவருக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். இருவரும் ஒரே இரவில் வீடு மாறினால், இருவருக்கும் பொதுவான ஒரு அறிவிப்புப் பலகை வேண்டும். டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்லும் ஏற்பாடு. மாறும் ஐபியை அதில் உடனுக்குடன் எழுதும் டைனமிக் டிஎன்எஸ் அந்தப் பலகைதான். கடைக்கென்று ஏற்கெனவே ஒரு இணையப் பெயர் வாங்கியிருந்தோம். அதன் கீழே கடைக்கு ஒரு துணைப்பெயர், குடோனுக்கு ஒன்று. இணைப்பு எழும்போதெல்லாம் ரவுட்டர் தன் புதிய ஐபியை அந்தப் பெயரில் எழுதிவிடும்படி செய்தேன். வயர்கார்டில் இரு பக்கமும் எதிராளியின் முகவரிக்குப் பதில் அந்தப் பெயர்.

இருவரும் ஒரே இரவில் வீடு மாறுவதெல்லாம் அரிதாயிற்றே என்று தோன்றலாம். எங்கள் விஷயத்தில் அது தினசரி நடப்பு. காகிதம் வைத்திருப்பவர்களுக்குத் தீ என்றால் பயம். இரவு எட்டரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள், கடையிலும் சரி, குடோனிலும் சரி. குடோன் கேமராக்களுக்கு மட்டும் கேட் அறையில் தனி மின் இணைப்பு. காலையில் சுவிட்ச் ஏறும்போது இரண்டு ரவுட்டர்களுக்கும் புத்தம் புதிய முகவரி.

முதல் நாள் சுரங்கம் எழுந்தது. கடையிலிருந்து குடோன் ரவுட்டருக்குப் பிங், அதாவது சோதனைப் பொட்டலம் போய்த் திரும்பும் நேரம், 9 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டருக்குப் பிங் போகவில்லை. சுரங்கத்தைத் தோண்டித் துருவி அரைமணி நேரம் வீணாக்கினேன். குற்றவாளி விண்டோஸின் ஃபயர்வால். கோப்புப் பகிர்வையும் பிங்கையும் அது அனுமதிப்பது பெரும்பாலும் சொந்த வலையத்துக்கு மட்டும்தான். பக்கத்து வலையத்திலிருந்து வருபவர் அதற்கு அந்நியர். அந்த விதிகளில் எதிர்ப்பக்க வலையத்தையும் சேர்த்தபின் எல்லாம் பேசின.

பேசினாலும் கணக்கு மென்பொருள் தவழ்ந்தது. கடைக் கம்ப்யூட்டரின் பகிர்வுக் கோப்புறையைக் குடோனிலிருந்து நேரே திறந்தால், ஒரு லெட்ஜர் விரிய அரை நிமிடம் ஆயிற்று. வேகம் போதவில்லை என்று அக்கா நினைத்தார். குழாய் பெரிதுதான், சிக்கல் நடையில் இருந்தது. கோப்புகளை வைத்து ஓடும் மென்பொருள் ஒவ்வொரு துணுக்குக்கும் போய்க் கேட்டுத் திரும்பி வரும். மூவாயிரம் முறை போய் வந்தால், முறைக்கு 9 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 27 விநாடி. ஒரே கட்டடத்தில் அந்த நடை அரை மில்லிசெகண்டுக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. மேலும் பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகும். ஆகவே பழையபடி ரிமோட் டெஸ்க்டாப், ஆனால் இம்முறை சுரங்கத்துக்குள்ளே. கணக்கு கடையிலேயே இருக்கும், திரை மட்டும் மாதவரம் போகும். சலானைக் கடைக் கம்ப்யூட்டர் நேரே குடோன் பிரிண்டருக்கு 9100 போர்ட்டில் அனுப்பும்.

மூன்று மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சித்திரையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, நான்கு நாளாகக் காலையில் வரவே மாட்டேன் என்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது." இணைய நிறுவனத்தின் உதவி எண்ணிலும் அதையேதான் சொன்னார்களாம்: எங்கள் பக்கம் எல்லாம் சரி, அணைத்துப் போடுங்கள். அணைத்துப் போட்டால் சரியாகும் பழுதை யாரும் பழுதாக மதிப்பதில்லை. எனக்கோ அதில்தான் துப்பு இருக்கும் என்று பட்டது. காலையில் அதே ரவுட்டர் அணைந்திருந்துதானே எழுகிறது? ஒன்பது மணிக்கு எழுந்தால் வராத சுரங்கம், பத்தரைக்கு அணைத்துப் போட்டால் ஏன் வருகிறது?

டைனமிக் டிஎன்எஸ் பெயர்களைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒழுங்கான வெளி முகவரிகளையே காட்டின. ஒருநாள் முழுக்க இது என்னை ஏமாற்றியது. மறுநாள் குடோனுக்கே போய் ரவுட்டரின் வெளிப்பக்க இடைமுகத்தைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கும் முகவரி இருந்தது. பெயரில் பதிவாகியிருந்தது அதுவல்ல.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், ஏறத்தாழ 42 லட்சம், 2012-ல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய விதி ஆவணத்தின் மூலம் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரவுட்டருக்கு அந்த வரம்பில் முகவரி கிடைத்திருந்தால், நீங்கள் தனி வீட்டில் இல்லை, அடுக்ககத்தில் இருக்கிறீர்கள். ஒரு வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். குடோன் பக்கத்து நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை அடுக்ககத்துக்கு மாற்றியிருந்தது. முகவரியைப் பதிவு செய்யும் என் நிரலோ வெளியே ஒரு தளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, எனவே அது அடுக்ககத்தின் வாசல் எண்ணை எழுதியது. அந்த வாசலில் வந்து எங்கள் பெயரைச் சொன்னால் காவலாளி உள்ளே விடமாட்டார். உள்ளிருந்து ஏற்கெனவே யாரைத் தேடிப் போனோமோ அவருடைய பதிலை மட்டும்தான் விடுவார்.

இதுவரை காலையில் நடந்தது இப்போது விளங்கியது. குடோன் ஒன்பது மணிக்குத் திறக்கும், கடை பத்து மணிக்கு. வயர்கார்டு எதிராளியின் பெயரை எழும்போது ஒரே ஒருமுறை கேட்டு ஐபியாக மாற்றிக்கொள்ளும். பிறகு கேட்காது. ஒன்பது மணிக்கு எழுந்த குடோன் ரவுட்டர் கடையின் பெயரைக் கேட்கும்போது பலகையில் இருப்பது நேற்றைய முகவரி. கடை இன்னும் எழவே இல்லையே. அந்த விலாசத்தை அது சளைக்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த முகவரியில் இன்று வேறு யாரோ. நம் சாவி இல்லாதவருக்கு அந்தப் பொட்டலம் வெறும் குப்பை, அதனால் ஆபத்தொன்றும் இல்லை. பத்து மணிக்குக் கடை புது முகவரியோடு எழும்.

மூன்று மாதமாக இதே குழப்பம் தினமும் நடந்திருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு எழுந்த கடை ரவுட்டர் குடோனின் பெயரைக் கேட்டு, சரியான முகவரிக்குப் போய்த் தட்டியிருக்கிறது. அந்தத் தட்டலிலிருந்தே குடோன் கடையின் புது விலாசத்தைக் கற்றுக்கொண்டு தேறியிருக்கிறது. என் அமைப்பு சரியாக இருந்ததால் ஓடவில்லை, யாரோ பிந்தி எழுந்ததால் ஓடியது. சிஜிநாட் வந்ததும் கடையால் குடோனைத் தட்ட முடியவில்லை. பத்தரைக்கு ரவுட்டரை அணைத்துப் போட்டால், பெயரை மறுபடி கேட்கும், சரியான விலாசம் கிடைக்கும். மந்திரம் அவ்வளவுதான்.

ஆக இந்த வேலையில் சாவியும் மறையாக்கமும் தாமே பார்த்துக்கொள்கின்றன. யாரை யார் கூப்பிட முடியும், கூப்பிட முடியாதவரின் விலாசம் மாறினால் எதிராளிக்கு யார் சொல்வது என்பதைத்தான் உட்கார்ந்து வரைய வேண்டியிருக்கிறது. நான் அதை முதலில் வரையவில்லை.

மருந்து எளிது. ஓபன்டபிள்யூஆர்டியில் வயர்கார்டுக்கென்று ஒரு காவல் நிரல் கூடவே வருகிறது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், கைகுலுக்கல், அதாவது இரு முனையும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது, கடைசியாக முடிந்து இரண்டரை நிமிடம் தாண்டியிருந்தால் பெயரை மறுபடி கேட்டு முகவரியைப் புதுப்பிக்கும். உயிர்த்துடிப்பு நேரம் குறித்திருந்தால்தான் அது அந்த எதிராளியைக் கவனிக்கும், அதை மறந்துவிட வேண்டாம். வெறும் லினக்ஸில் வயர்கார்டு கருவிகளோடு இதே வேலைக்கு இன்னொரு நிரல் உண்டு. கிரானில் முதல் வரியைச் சேர்த்தபின் கிரான் சேவையையே ஒருமுறை மறுபடி தொடங்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் ஓபன்டபிள்யூஆர்டி அதை எழுப்புவதே இல்லை. இது தெரியாமல் ஒரு காலை வீண்.

அடுத்த காலை வேடிக்கை பார்த்தேன். கடை எழுந்தது 10:04. சுரங்கம் எழுந்தது 10:50. காவல் நிரல் நிமிடம் தவறாமல் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, பதிலாக வந்தது நேற்றைய முகவரி. பெயர்ப் பதிவின் ஆயுளை 3600 விநாடி என்று விட்டிருந்தேன். நடுவிலுள்ள டிஎன்எஸ் சேவகர் ஒரு மணிநேரம் பழைய பதிலையே சொல்ல அதுவே உரிமம். 60 என்று மாற்றினேன். மறுநாள் இரண்டு நிமிடத்தில் எழுந்தது.

நடுவே ஒரு சபலம். இரு பக்கமும் புதிய வகை முகவரியான ஐபிவி6 வருகிறதே, அதில் அடுக்ககமே இல்லையே, அதன் வழியாகச் சுரங்கத்தை விட்டால் இரு பக்கமும் தட்டலாமே என்று கடைப் பெயரில் ஐபிவி6 முகவரியையும் பதிந்தேன். சுரங்கம் எழுந்தது, பிங் போயிற்று, ரிமோட் டெஸ்க்டாப் கடவுச்சொல் வாங்கியபின் கறுப்புத் திரையோடு நின்றது. சின்னது போகிறது பெரியது போகவில்லை என்றால் எம்டியூ, அதாவது ஒரு பொட்டலம் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு, என்பது அனுபவத்தில் படிந்த பாடம். வயர்கார்டு தானாக எடுத்துக்கொள்வது 1420. ஐபிவி6 மேல் அது சுமக்கும் உறை 80 பைட், கூட்டினால் 1500. எங்கள் பிபிபிஓஇ இணைப்பில் போகக்கூடியது 1492. எட்டு பைட்டில் இடித்தது. துண்டாக்கி அனுப்பிய பொட்டலங்கள் வழியில் எங்கோ விழுந்தன. ஐபிவி4 மேல் உறை 60 பைட்தான், அதனால்தான் முன்பு தெரியவில்லை. துண்டாக்காமல் வெவ்வேறு அளவில் பிங் அனுப்பிப் பார்த்தேன், சின்னவை போயின, பெரியவை போகவில்லை.  இரு பக்கமும் 1400 என்று வைத்தேன். ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு வகை முகவரி இருந்ததால் சுரங்கம் ஒருநாள் இதையும் ஒருநாள் அதையும் பிடித்துக்கொண்டது. பழுது பார்க்கும்போது எந்த வழியில் போகிறது என்றே முதலில் தேட வேண்டியிருந்தது. ஐபிவி6 பதிவை எடுத்துவிட்டேன். 1400 மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு வந்தது நானே கூப்பிட்டு வைத்த வினை. 192.168.10.5 என்று அக்கா எண் அடிக்கிறாரே, 'கணக்கு' என்று பெயரடித்தால் போகட்டுமே என்று, ஒரு மதியம் 12:10 மணிக்குக் குடோன் ரவுட்டரின் டிஎன்எஸ் கேள்விகள் எல்லாம் சுரங்கம் வழியாகக் கடைக்குப் போகும்படி மாற்றினேன். அழகாக வேலை செய்தது. நாலு மணி வாக்கில் மாதவரத்தில் கரண்ட் போயிற்று. பத்து நிமிடத்தில் வந்தது. சுரங்கம் வரவில்லை.

நல்லவேளை, நான் அங்கேயே இருந்தேன். கேமரா பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மடிக்கணினியை ரவுட்டரில் செருகினேன். முதல் முடிச்சு உடனே தெரிந்தது: சுரங்கம் எழக் கடையின் பெயரைக் கேட்க வேண்டும், பெயரைக் கேட்கச் சுரங்கம் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன். கடைக்குப் போன் செய்து அன்றைய ஐபியை வாங்கி எண்ணாகவே போட்டேன். அப்போதும் வரவில்லை. பொட்டலங்கள் வெளியே போகின்றன, பதிலாக ஒரு பைட்கூட இல்லை. சாவி சரி, எண் சரி, போர்ட் சரி.

அக்காதான் பார்த்தார். "ஏன் தம்பி, இதில் மணி 12:14 என்று ஓடுகிறது?" சுவர்க் கடிகாரத்தில் 4:20.

இந்த வகை ரவுட்டரில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. எழும்போது, தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டது எப்போது என்று பார்த்து, அதையே இப்போதைய நேரமாக வைத்துக்கொள்ளும். நான் கடைசியாகக் கைவைத்தது 12:10-க்கு. இணைய நேரச் சேவகரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்தான், ஆனால் அந்தச் சேவகரின் பெயரைக் கேட்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் சுரங்கத்துக்குள் இருக்கிறது. வயர்கார்டின் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரமுத்திரை உண்டு. பழைய பொட்டலத்தைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்பும் ஏமாற்றைத் தடுக்க, ஏற்கெனவே பார்த்ததைவிடப் பிந்திய முத்திரையை மட்டும்தான் எதிராளி ஏற்பார். கடை ரவுட்டர் நாலு மணி முத்திரையைப் பார்த்துவிட்டது. 12:14 என்று சொல்லிக்கொண்டு வந்தவனை மோசடிக்காரன் என்று மௌனமாக ஒதுக்கியது. காலை வேளைகளில் இது தலைகாட்டவில்லை, ஏனென்றால் கடை ரவுட்டரும் அணைந்து எழுந்து தன் நினைவைக் கழுவியிருக்கும்.

கையால் நேரத்தைத் திருத்தினேன். விரலை எடுக்குமுன் கைகுலுக்கல் வந்துவிட்டது.

டிஎன்எஸ் விஷயத்தில் இப்போது 'கணக்கு' போன்ற உள்ளூர்ப் பெயர்கள் மட்டும் கடைக்குப் போகின்றன, மற்றவை நேரே வெளியே. ஒரு நேரச் சேவகரைப் பெயரில்லாமல் எண்ணாகவும் எழுதிவைத்தேன். கடைப் பக்கமும் நாளை அடுக்ககத்துக்குப் போனால் இரண்டும் ஒன்றையொன்று தட்ட முடியாமல் நிற்கும். அன்று நிலை முகவரியோடு ஒரு சின்ன வாடகை சேவகரை நடுவில் வைத்து இரண்டு பேரையும் அங்கே வரச்சொல்லுவேன். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதையெல்லாம் தாமே செய்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது கடவுச்சொல் மறந்துபோக இன்னொரு கணக்கைச் சித்தப்பா கையில் கொடுக்க மனம் வரவில்லை.

இரவில் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "ராத்திரியில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது தம்பி, இது காகிதம்" என்று சித்தப்பா கையை வீசினார். அதற்குமேல் பேசவில்லை.

போன வாரம் காலையில் கடையில் இருந்தேன். பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் ஷட்டர் ஏறியது, மெயின் ஏறியது. சித்தப்பா செருப்பை விட்டுவிட்டு, ஆர்ட் பேப்பர் மாதிரிகளுக்கு ஒரு முழம் தள்ளி மாட்டியிருக்கும் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தினார். காகிதத்தைப் பற்றி அவர் சொன்னது நினைவுக்கு வந்தது, வாயைத் திறக்கவில்லை. ரவுட்டரின் பச்சை விளக்கு நின்று எரிந்தது. என் கைபேசியில் கைகுலுக்கல் நேரம் 'மூன்று விநாடிக்கு முன்' என்று மாறியது. கற்பூரம் அணையுமுன் மாதவரத்திலிருந்து அக்கா உள்ளே வந்து முதல் சலானைப் போட்டுவிட்டார்.